வடசென்னை குலுங்கினால் குழந்தைகளை யார் பார்ப்பது?

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2002-இல் நிலநடுக்க வரைபடத்தைத் திருத்தியபோது, அதுவரை இரண்டாம் மண்டலத்தில் இருந்த சென்னையை மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றியது. அதற்கு முந்தைய ஆண்டில் இரண்டு சம்பவங்கள் நடந்திருந்தன. 2001 ஜனவரி 26 காலையில் குஜராத்தின் பூஜ் பகுதி குலுங்கிச் சுமார் 20,000 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 25 இரவு எட்டரை மணி வாக்கில் புதுச்சேரிக்குக் கிழக்கே கடலுக்கடியில் 5.5 அளவுள்ள நிலநடுக்கம் ஒன்று ஏற்பட்டது. சென்னையிலும் வீடுகள் ஆடின. மக்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள்.

மூன்றாம் மண்டலம் என்றால் மிதமான ஆபத்து என்று பொருள். ஐந்தாம் மண்டலத்தில் உள்ள அசாம், அந்தமான், கட்ச் போன்ற இடங்களில் எதிர்பார்க்கப்படும் அழிவு இங்கே எதிர்பார்க்கப்படவில்லை. நிற்கத் தடுமாறும் அளவுக்கு ஒரு குலுக்கல், சுவர்ப்பூச்சு உதிர்வது, ஒழுங்காகக் கட்டாத கட்டடங்கள் விரிசல் விடுவது, மோசமான சில கட்டடங்கள் ஒரு பகுதி இடிவது என்ற அளவுக்குத் தயாராக இருக்கச் சொல்கிறார்கள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை குடியிருப்பவர்கள் இதைக் கேட்டு எவ்வளவு பயப்பட வேண்டும்? நிலநடுக்கத்துக்குக் கொஞ்சம் பயந்தால் போதும். தலைக்கு மேலிருக்கும் கூரைக்கு நிறையவே பயப்பட வேண்டும் என்பது என் கணிப்பு.

சென்னைக்கு அதிர்வு இரண்டு வகையில் வரும். ஒன்று, தொலைவிலிருந்து. சுமத்ரா அருகே பூமியின் ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் செருகிக்கொண்டே இருக்கிறது. அங்கே 8, 9 அளவுகளில் நிலநடுக்கம் வந்தால் இரண்டாயிரம் கிலோமீட்டர் கடந்து நம்மிடம் வருவது மெதுவான, நீளமான அலைகள்தான். உயரமான கட்டடங்களை அவை ஊசலாட வைக்கும். 2012 ஏப்ரல் 11 பிற்பகலில் சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் கடலடி குலுங்கியபோது, சென்னையில் அலுவலக மாடிகளில் இருந்தவர்கள் தலைசுற்றுவதுபோல் உணர்ந்து கீழே இறங்கினார்கள். மற்றொன்று, பக்கத்திலிருந்தே வருவது. இந்தியத் தட்டின் உள்ளேயே பழைய முறிவுகள் இருக்கின்றன. கோயம்புத்தூர் 1900 பிப்ரவரியில் ஏறத்தாழ 6 அளவில் குலுங்கியிருக்கிறது. வங்காள விரிகுடாவில் 2014 மே 21 இரவும் 2021 ஆகஸ்ட் 24 பகலும் ஏற்பட்ட அதிர்வுகளைச் சென்னைக்காரர்கள் பலர் நினைவில் வைத்திருப்பார்கள்.

‘இங்கெல்லாம் வராது’ என்ற நம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு மராட்டியத்தின் கில்லாரி போதும். பாதுகாப்பானது என்று கருதப்பட்ட முதலாம் மண்டலத்தில் அப்போது அது இருந்தது. 1993 செப்டம்பர் 30 விடியற்காலை நான்கு மணிக்குச் சற்று முன், 6.2 அளவுள்ள நடுத்தர நிலநடுக்கம்தான் வந்தது. கல்லையும் மண்ணையும் அடுக்கிய வீடுகளுக்குள் தூங்கிக்கொண்டிருந்தவர்களில் பத்தாயிரத்தை ஒட்டிய உயிர்கள் போயின.

வடசென்னையின் நிலமும் ஒரு கதை சொல்கிறது. கிண்டிப் பக்கம் போல இங்கே பாறை மேலாக இல்லை. கடல் மணல், களிமண், கொட்டி நிரப்பிய மண், கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தை ஒட்டி எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பலும் சேர்ந்துகொள்கிறது. தளர்ந்த மண் அதிர்வைப் பெருக்கும். நீர் நிறைந்த மணல் வலுவான குலுக்கலில் பிடிமானம் இழந்து கூழாகிவிடும். 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோ நகரத்தை நொறுக்கிய நிலநடுக்கத்தின் மையம் முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் பசிபிக் கரையில் இருந்தது. பழைய ஏரிப்படுகை மீது அந்நகரம் நின்றதே அதற்கு வினையாயிற்று. அங்கே ஹுவாரெஸ் மருத்துவமனையின் பலமாடிக் கட்டடம் சரிந்து மருத்துவர்களும் செவிலியர்களும் நோயாளிகளும் ஒன்றாகப் புதைந்தார்கள். புதிதாகப் பிறந்த குழந்தைகள் சில, பல நாட்களுக்குப் பிறகு இடிபாட்டிலிருந்து உயிரோடு எடுக்கப்பட்டன. அதிசயக் குழந்தைகள் என்று உலகமே பேசியது. குழந்தை பிழைத்தாலும் அதைப் பார்க்க வேண்டிய மருத்துவமனை இல்லாமல் போகலாம் என்ற பாடத்தை அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை.

இப்போது கூரைக்கு வருவோம். 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளம் பகுதியில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் குடியிருப்பில் 24 வீடுகள் கொண்ட ஒரு தொகுப்பு இடிந்து விழுந்தது. அன்று எந்த நிலநடுக்கமும் இல்லை. விரிசல் பெரிதாவதைக் குடியிருந்தவர்கள் கவனித்து வெளியேறியதால்தான் உயிரிழப்பு ஏற்படவில்லை. கடற்கரையில் இது ஏன் சீக்கிரம் நடக்கிறது என்பது எளிய வேதியியல். உப்புக்காற்று கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே உள்ளே போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு, தான் உருவான இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் மேலே உள்ள காரையை உடைத்துத் தள்ளுகிறது. பில்லரின் மூலையில் நெடுக்காக ஓடும் விரிசலும், பழுப்புக் கறையும், கூரையில் பூச்சு உதிர்ந்து கம்பி எட்டிப்பார்ப்பதும் இதன் அடையாளங்கள். வெள்ளையடித்தால் கறை மறையும். துரு வேலை செய்துகொண்டே இருக்கும்.

பழைய கட்டடம் மட்டும்தான் ஆபத்து என்று நினைத்துவிட வேண்டாம். பூஜ் நிலநடுக்கத்தில் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் எழுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே விழுந்தவற்றில் பல, கீழ்த்தளத்தைச் சுவர் இல்லாமல் பில்லர்கள் மேல் நிறுத்தி, வண்டி நிறுத்த விட்டிருந்த புதிய அடுக்குமாடிகள். ராயபுரம், தண்டையார்பேட்டைச் சந்துகளில் அரை கிரவுண்டில் எழும்பும் நான்கு மாடிகளைப் பார்க்கும்போது எனக்கு அந்த நினைவுதான் வருகிறது.

சந்து என்றதும் இன்னொன்று. கட்சில் உள்ள அஞ்சார் நகரில் அந்தக் குடியரசு நாள் காலையில் பள்ளிக் குழந்தைகள் அணிவகுத்துக் கடைத்தெருவின் குறுகிய சந்து வழியே போய்க்கொண்டிருந்தார்கள். இரு பக்கக் கட்டடங்களும் அவர்கள் மேல் விழுந்தன. ஏறத்தாழ 185 குழந்தைகள் இறந்தார்கள். ‘அதிர்ந்தால் வெளியே ஓடு’ என்பது திறந்தவெளி பக்கத்தில் இருப்பவர்களுக்கான அறிவுரை. தரைத்தளத்தில் வாசலருகே இருந்து, எதிரே மைதானமோ மணல்வெளியோ இருந்தால் ஓடலாம். மூன்றாம் மாடியிலிருந்து படிக்கட்டில் நெருக்கியடித்து இறங்கி, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரும் சிண்டெக்ஸ் தொட்டியும் விழக்கூடிய சந்தில் போய் நிற்பதைவிட, குலுக்கல் நிற்கும்வரை உறுதியான மேசைக்கடியில் தலையை மூடிக் குந்தியிருப்பது மேல். குலுக்கல் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

கடல் பற்றியும் ஒரு வார்த்தை. பக்கத்தில் வரும் 5 அளவு அதிர்வு சுனாமியை எழுப்பாது. 2004 டிசம்பர் 26 காலை ஆறரைக்குச் சுமத்ராவில் வந்தது 9.1. அலை சென்னைக் கரையைத் தொட இரண்டரை மணி நேரத்துக்கு அருகில் ஆயிற்று. அந்த நேரத்தில் காசிமேட்டுக்கும் எண்ணூர்க் குப்பங்களுக்கும் யாரும் ஒரு தகவல்கூடச் சொல்லவில்லை. சொல்வதற்கு அப்போது அமைப்பே இல்லை. 2007 முதல் ஐதராபாதில் எச்சரிக்கை மையம் இயங்குகிறது. ஆனாலும் நின்ற இடத்தில் பலமான, நீண்ட அதிர்வை உணர்ந்தாலோ, கடல் உள்வாங்கினாலோ அறிவிப்புக்குக் காத்திருக்காமல் மேற்கே நடப்பதுதான் கரையோரத்தார் செய்ய வேண்டியது.

வடசென்னைக்கே உரிய ஓர் ஆபத்து பாக்கி இருக்கிறது. மணலியின் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலைகள், எரிவாயுக் கிடங்குகள், குழாய்கள், இவற்றுக்கு நடுவே வீடுகள். 1999 ஆகஸ்டில் துருக்கியின் இஸ்மித் நிலநடுக்கத்தில் துப்ராஷ் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை தீப்பிடித்து நாட்கணக்கில் எரிந்தது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவுக்குச் சற்று முன், எண்ணூர் பெரியகுப்பத்தில் கோரமண்டல் உர ஆலைக்குக் கடலடியில் செல்லும் அம்மோனியா குழாய் கசிந்தது. மிக்ஜாம் புயலில் நகர்ந்த பாறைகள் குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்று ஆய்வுக் குழு கருதியது. கண் எரிய, மூச்சுத் திணறக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் மக்கள் ஓடினார்கள். ஐம்பது பேருக்கு மேல் மருத்துவமனைக்குப் போனார்கள். புயல் நகர்த்திய பாறையால் இது நடக்கும் என்றால் நிலம் குலுங்கினால் என்னாகும் என்று ஆலைகளின் அவசரகாலத் திட்டங்களில் எழுதியிருக்க வேண்டும். அது மக்களுக்குத் தமிழில் கிடைக்க வேண்டும்.

பெரியவர்களைவிடக் குழந்தைகள் வேகமாக மூச்சு விடுகிறார்கள். உடல் எடையோடு ஒப்பிட்டால் அவர்கள் உள்ளே இழுக்கும் காற்று அதிகம், அதனால் நச்சும் அதிகம். அம்மோனியா தண்ணீரில் கரையும் என்பதால் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிப் போக வேண்டும். கண்ணைக் கால் மணி நேரமாவது நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

இடிபாட்டில் சிக்கிய குழந்தையின் உடலும் பெரியவர் உடலின் சிறு பதிப்பு இல்லை. தலை பெரிது, அதனால் தலைக்காயம் அதிகம். எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்பு அதிகம், அதனால் சீக்கிரம் குளிர்ந்துவிடும். வெயில் ஊரில்கூட ரத்தம் இழந்த குழந்தையைப் போர்த்த வேண்டும். மொத்த ரத்தமே குறைவு. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அப்படிப்பட்ட குழந்தை ஒரு டம்ளர் ரத்தம் இழந்தால் அது பெரிய இழப்பு. காயத்தின் மேல் சுத்தமான துணியை வைத்துக் கையால் விடாமல் அழுத்துவதுதான் யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய, உயிர் காக்கும் முதல் வேலை.

பேரிடரில் ஒரே நேரத்தில் பலர் அடிபட்டுக் கிடக்கும்போது யாரை முதலில் பார்ப்பது என்று பிரிப்பார்கள். பெரியவர்களுக்கான விதிப்படி, மூச்சுப்பாதையைத் திறந்தும் மூச்சு வராவிட்டால் அவரை விட்டு அடுத்தவரிடம் போக வேண்டும். கேட்கக் கொடூரமாக இருந்தாலும் அதில் நியாயம் உண்டு. குழந்தைக்கு இந்த விதி பொருந்தாது. பெரும்பாலும் குழந்தைக்கு மூச்சுதான் முதலில் நிற்கும், இதயம் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். அதனால் நாடி தெரிந்தால் ஐந்து முறை மூச்சு ஊதிப் பார்க்கச் சொல்கிறது ஜம்ப்ஸ்டார்ட் என்ற முறை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் லூ ரோமிக் 1995-இல் இதை வகுத்தார். அந்த ஐந்து மூச்சு தெரியாத தன்னார்வலர், பிழைக்க வேண்டிய குழந்தையைக் கடந்து போய்விடுவார்.

இன்னொரு விஷயம் மருத்துவர்களிலேயே பலருக்குப் பழக்கம் இல்லாதது. தொடையோ காலோ பல மணி நேரம் பாரத்தின் கீழ் நசுங்கினால் தசை செத்து, பொட்டாசியமும் தசைப்புரதமும் அங்கேயே தேங்கும். பாரத்தைத் தூக்கியதும் அவை ரத்தத்தில் பாயும். ‘எடுத்துவிட்டோம், பேசினான்’ என்று நிம்மதி அடைந்த கொஞ்ச நேரத்தில் இதயம் நின்றுவிடலாம், அல்லது அடுத்த நாட்களில் சிறுநீரகம் செயலிழக்கலாம். லண்டன் குண்டுவீச்சில் புதைந்தவர்களைப் பார்த்து 1941-இல் பைவாட்டர்ஸ் என்ற மருத்துவர் இதை விவரித்தார். தீர்வு எளிது: முடிந்தால் பாரத்தை எடுப்பதற்கு முன்பே சாதாரண சலைன் ஏற்றத் தொடங்குவது. குழந்தைக்கு மணிக்கு, ஒரு கிலோ எடைக்கு 15 முதல் 20 மில்லி. பொட்டாசியம் கலந்த ரிங்கர் லாக்டேட்டைக் கைக்குக் கிடைத்தது என்று ஏற்றக் கூடாது. இதனால்தான் மருந்துப் பெட்டியில் என்ன இருக்கிறது என்பது முக்கியமாகிறது.

இந்த உதவியெல்லாம் யார் கையால் கிடைக்கும்? முதல் சில மணி நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர்தான். தேசியப் பேரிடர் மீட்புப் படை அரக்கோணத்திலிருந்து வர வேண்டும். 108 வண்டிகள் எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளைத் தாண்டி வர வேண்டும். சாதாரண நாளிலேயே அந்தச் சாலையின் லட்சணம் ஊருக்குத் தெரியும். ஸ்டான்லி மருத்துவமனையும் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ மருத்துவமனையும் தெற்கு முனையில் இருக்கின்றன. எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனை அதற்கும் அப்பால்.

வெளியிலிருந்து வரும் தன்னார்வ மருத்துவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் 2010-இல் ஹைத்தி நிலநடுக்கத்துக்குப் பிறகு உலகெங்கிலுமிருந்து குவிந்த குழுக்களில் சில, தகுந்த பயிற்சியோ கருவியோ இல்லாமல் வந்து, பதிவேடு வைக்காமல் அறுவைசெய்துவிட்டுப் போய்விட்டன. அந்த அனுபவத்தால்தான் உலக சுகாதார நிறுவனம் 2013-இல் வெளிநாட்டு மருத்துவக் குழுக்களுக்கு வகைப்பாடும் குறைந்தபட்ச நிபந்தனைகளும் வகுத்தது. நல்லெண்ணத்தோடு அனுப்பும் பால்பவுடரும் அப்படித்தான். 2006-இல் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கத்துக்குப் பின் நன்கொடைப் பால்பவுடர் வாங்கிய வீட்டுக் குழந்தைகளுக்கு, வாங்காத வீட்டுக் குழந்தைகளைவிட வயிற்றுப்போக்கு இருமடங்குக்கும் மேல் இருந்தது. சுத்தமான தண்ணீர் இல்லாத முகாமில் தாய்ப்பாலே தடுப்பு மருந்து. தாய்க்குச் சோறும் மறைவிடமும் தருவதுதான் குழந்தைக்கு உதவி.

சுனாமிக்குப் பிறகு தமிழ்நாடு இதில் நன்றாகவே செய்தது. முகாம்களில் குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசியும் வைட்டமின் ஏ-யும் கொடுத்தார்கள், தண்ணீரில் குளோரின் கலந்தார்கள். பயந்த அளவுக்குப் பெரிய கொள்ளைநோய் வரவில்லை. வீடு தருவதில்தான் தாமதம். காசிமேடு, ராயபுரம் பக்கத்துக் குடும்பங்கள் பல, கார்கில் நகர்க் கொட்டகைகளில் நெடுநாள் கிடந்தன.

வடசென்னைக்கு வெளிநாட்டு முன்மாதிரி தேவையில்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் டாக்டர் ஜெயச்சந்திரன் இருந்தார். 2018 டிசம்பரில் இறந்தபோது தெருவே அழுதது. ஸ்டான்லியில் படித்த டாக்டர் திருவேங்கடம் வியாசர்பாடியில் 1973-இல் இரண்டு ரூபாய்க்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கி, 2020 ஆகஸ்டில் இறக்கும்வரை அந்த மக்களோடு இருந்தார். வாங்கிய சொற்பக் கட்டணத்தால் பின்னாளில் இருவருக்கும் ‘அஞ்சு ரூபா டாக்டர்’ என்றே பெயர். எந்த வீட்டில் எந்தப் பிள்ளைக்கு இழுப்பு, எந்தப் பிள்ளைக்கு வலிப்பு என்பதைப் பல்லாண்டுப் பழக்கத்தில் அறிந்திருந்தவர்கள் அவர்கள். பேரிடர் நாளில் விலைமதிப்பில்லாதது அந்த அறிவுதான். அது ஒருவர் தலைக்குள் மட்டும் இருந்தால் அவரோடு போய்விடும்.

ஆகவே குழந்தைகளுக்கு இலவச மருத்துவ முகாம் நடத்தும் இளம் மருத்துவர்களிடமும் மாணவர்களிடமும் ஒரு கோரிக்கை. ஃப்ளெக்ஸ் கட்டி, எடை பார்த்து, டானிக் பாட்டில் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போகும் ஒருநாள் முகாமால் அதிகப் பயன் இல்லை. அதே குப்பத்துக்கு, அதே குடியிருப்புக்கு மாதாமாதம் போங்கள். அங்கன்வாடி ஆசிரியரோடு சேர்ந்து ஒரு நோட்டு வையுங்கள். வலிப்பு மாத்திரை, இன்சுலின், இன்ஹேலர் நிற்கக் கூடாத பிள்ளைகள் யார், நடக்க முடியாத பிள்ளை எந்த மாடியில் இருக்கிறது என்று எழுதுங்கள். எடையையும் எழுதுங்கள். வயதோடு நான்கைக் கூட்டி இரண்டால் பெருக்கினால் எடை வரும் என்ற பாடப்புத்தகக் கணக்கு ஆறு வயதுப் பிள்ளைக்கு 20 கிலோ என்று சொல்லும். இங்கே பல பிள்ளைகள் அந்த எடைக்கு வருவதில்லை. மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது என்பதால் இந்தக் கணக்கு ஆபத்தாகலாம். பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போட வேண்டிய டி.டி. ஊசி விட்டுப்போனவர்களைக் கண்டுபிடித்துப் போடச் செய்யுங்கள். துருக்கம்பி கிழித்த பிறகு தேடுவது சிரமம். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து, பூச்சி மாத்திரை, தடுப்பூசி அட்டையின் படம் அம்மாவின் கைபேசியில் என்று எல்லாமே சாதாரண நாளின் வேலைகள்தான். நிலம் குலுங்காமலே போனாலும் இவற்றில் எதுவும் வீணாகாது.

அம்மாக்களுக்கும் தெரு இளைஞர்களுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசல் கலக்கக் கற்றுக்கொடுங்கள். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தத் தண்ணீரில் மட்டமாக ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் கெடுதல். ரத்தத்தை அழுத்தி நிறுத்துவதையும், அந்த ஐந்து மூச்சையும், மயங்கிய குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைப்பதையும் பொம்மை வைத்துச் செய்துபார்க்க வையுங்கள். பேச்சுப்போட்டி போலச் சொல்லிவிட்டுப் போனால் யாருக்கும் கை வராது.

வீட்டுக்குள் போய்ப் பிள்ளையின் மார்பில் ஸ்டெதஸ்கோப் வைக்கும்போது சுவரையும் ஒரு பார்வை பாருங்கள். இழுப்பு வரும் பிள்ளையின் வீட்டுச் சுவரில் பெரும்பாலும் ஈரக்கசிவும் பூஞ்சையும் இருக்கும். ஈரம் கசியும் இடத்தில்தான் கம்பியும் துருப்பிடிக்கும். இரண்டும் ஒரே மனுவில் போகலாம். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். அடுத்த மாதம் விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால் வாரியப் பொறியாளருக்கும் மாநகராட்சியின் 1913-க்கும் உடனே புகார் கொடுங்கள். பில்லரிலோ உத்தரத்திலோ புதிதாகப் பிளவு கண்டால், சுவர் சத்தம் போட்டால், கதவு திடீரென்று இறுகினால் மாதம் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். பிள்ளைகளையும் முதியவர்களையும் முதலில் இறக்கிவிட்டு, பிறகு மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077-க்கு அழையுங்கள்.